கையகலத் தோட்டத்தில் இத்தனை கூத்தா?

இங்கிலாந்து கிராமத்துப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கூரை வேய்ந்த சின்ன வீடு. வாசல்வரை ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் முட்டி மோதிக்கொண்டு நிற்கும் பூக்கள். முட்டைக்கோசுக்குப் பக்கத்தில் ரோஜா, ரோஜாவின் காலடியில் லாவண்டர், கதவுக்கு மேலே ஏறி உட்கார்ந்த கொடி! யாரோ விதையை அள்ளி வீசிவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். இதுதான் காட்டேஜ் தோட்டம்.

வீசிவிட்டுப் போனதா? அங்கேதான் நம்மை ஏமாற்றுகிறார்கள்! உள்ளே புகுந்து பார்த்தால் சட்டம், பந்தயம், விஷம், துப்பாக்கி, எல்லாம் இருக்கிறது. திட்டமும் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாமல்!

குடிசை போட 4 ஏக்கர்!

ஒரு குடிசை கட்ட வேண்டுமானால் அதற்கு 4 ஏக்கர் நிலம் காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது தெரியுமா? 1589-இல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில்! மீறிக் கட்டினால் 10 பவுண்டு அபராதம். இடிக்காமல் வைத்திருந்தால் மாதாமாதம் 40 ஷில்லிங்! 4 ஏக்கர் வைத்திருக்கும் ஏழையை எங்கே போய்த் தேடுவது? சட்டம் பாட்டுக்கு ஏட்டில் இருந்தது, துண்டு நிலத்தில் குடிசைகள் பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தன. 1775-இல் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

அந்தக் குடிசைக் கொல்லையில் முதலில் பூவா இருந்தது? இல்லவே இல்லை! கோசும் வெங்காயமும் மூலிகையும்தான். ஒரு மூலையில் பன்றி, இன்னொரு மூலையில் தேன்கூடு. மிஞ்சிய சந்துபொந்துகளில்தான் பூச்செடி. அந்த நெருக்கடிதான் பின்னால் உலகமே காப்பியடிக்கும் அழகாக மாறியது!

டாக்டர் ஜெகில் வீட்டுப் பெண்!

இந்த ஏழைத் தோட்டத்தைப் பணக்காரர்கள் பக்கம் இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? கெர்ட்ரூட் ஜெகில் என்ற பெண்மணி. 1843-இல் பிறந்தவர். தொழில் ஓவியம். கிட்டப்பார்வை முற்றிப்போய், நுணுக்கமான வேலை கூடாது என்று ஆனபோது, தூரிகைக்குப் பதிலாகச் செடியை எடுத்துக்கொண்டார். எத்தனை தோட்டங்கள் வரைந்தார்? சுமார் 400!

ஜெகில் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும்! இவருடைய தம்பி வால்டர், எழுத்தாளர் ஸ்டீவன்சனின் நண்பர். அந்த வீட்டுப் பெயரைத்தான் ஸ்டீவன்சன் இரவல் வாங்கி 1886-இல் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' எழுதினார்!

இன்னும் கேளுங்கள். அவருடைய தேய்ந்துபோன தோட்ட பூட்ஸை மட்டும் தனியாக ஓர் ஓவியமாகத் தீட்டினார் வில்லியம் நிக்கல்சன், 1920-இல். இன்று அது லண்டன் டேட் காட்சியகத்தின் சொத்து. பூட்ஸுக்கு ஓவியம்!

சரி, அம்மையார் செய்த தந்திரம் என்ன? அவர் வீட்டுப் பூப்பாத்தியின் நீளம் 200 அடி, அகலம் 14 அடி. இரண்டு ஓரங்களிலும் நீலம், சாம்பல் என்று குளிர்ந்த நிறங்கள். நடுவே போகப் போக மஞ்சள், ஆரஞ்சு, உச்சத்தில் தீப்போலச் சிவப்பு! அதோடு நிற்கவில்லை. பாப்பி பூத்து ஓய்ந்து இலை காய்ந்தால் பாத்தியில் ஓட்டை விழும் அல்லவா? பக்கத்திலேயே ஜிப்சோபிலாவை நட்டு, அது படர்ந்து ஓட்டையை மூடும்படி செய்தார். ஜிப்சோபிலாவும் பூத்துப் பழுப்பானதும் அதன்மேல் நாஸ்டர்ஷியம் கொடியை ஏற்றிவிட்டார். ஒரே இடம், மூன்று ஆட்கள், மூன்று ஷிப்ட்! இதையா வீசிவிட்டுப் போனது என்கிறீர்கள்?

கைப்பையில் துப்பாக்கி, சட்டைப்பையில் விதை!

எல்லன் வில்மாட் என்று ஒரு செல்வச் சீமாட்டி. எஸ்ஸெக்ஸில் இருந்த அவருடைய வார்லி பிளேஸ் தோட்டத்தில் ஒரு காலத்தில் 104 தோட்டக்காரர்கள் வேலை பார்த்தார்களாம்! கைப்பையில் துப்பாக்கி வைத்திருந்தார் என்பார்கள். கிழங்கு திருட வருகிறவர்களுக்காக டாஃபோடில் பாத்திகளில் பொறி வைத்திருந்தார் என்றும் சொல்வார்கள்!

அதைவிட வேடிக்கை ஒன்று. பிறர் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் எரிஞ்சியம் என்ற முள்செடியின் விதையை யாருக்கும் தெரியாமல் தூவிவிட்டு வந்துவிடுவாராம். செடி பூக்க 2 ஆண்டு ஆகும். அம்மணியை மறந்தே போயிருப்பார்கள். ஒரு நாள் பார்த்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் முள்ளும் முடியுமாக எழுந்து நிற்கும்! இன்றுவரை அந்தச் செடிக்கு ஊர் வைத்த பெயர் 'மிஸ் வில்மாட்டின் ஆவி'! கதை எவ்வளவு நிஜமோ, நர்சரிகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் மனைவி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், ஆகா, அந்தக் காலத் தோட்டம் என்று உருகுவார்கள். 1920-களில் அங்கே பூப்பாத்திகளுக்கு யோசனை சொன்னவர் யார் தெரியுமா? இதே வில்மாட்தான்!

புருஷனுக்கு மூன்றாம் பரிசு!

ஸ்வீட் பீ கொடியைத் தெரியுமா? மொச்சைக் குடும்பம்தான், ஆனால் பூவின் வாசனை ஆளைத் தூக்கும்! 1699-இல் சிசிலித் தீவில் இருந்த குப்பானி என்ற துறவி, இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஒரு பிடி விதை அனுப்பினார். அங்கே ஆரம்பித்த பைத்தியம்!

1911-இல் டெய்லி மெயில் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு! அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு வீடே வாங்கலாம். குவிந்த கொத்துகள் எத்தனை? 30,000-க்கும் மேல்! முதல் பரிசு யாருக்கு? ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மனைவிக்கு. மூன்றாம் பரிசு யாருக்கு? அந்தப் பாதிரியாருக்கே! ஒரே வீட்டுக் கொல்லை, இரண்டு பரிசு! அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும்?

இன்னொன்று. ஒன்றாகவே பரம்பரையில் இறங்கும் குணங்கள் உண்டு என்பதை கேம்பிரிட்ஜில் பேட்சனும் பன்னெட்டும் 1905 வாக்கில் முதலில் கண்டுகொண்டது எதில்? இந்த வாசனைக் கொடியில்தான்!

நடுகிறவர்களுக்கு ஒரு ரகசியம்: பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்! பாவம் என்று விட்டால் காய் பிடித்துவிடும். காய் பிடித்தால் வந்த வேலை முடிந்தது என்று கொடி ஓய்ந்துவிடும். ஆனால் உஷார்! பட்டாணி மாதிரியே இருக்கும் அந்தக் காய் விஷம். குழந்தைகள் கையில் சிக்க விடாதீர்கள்.

இதயத்தைப் பிடித்த பூ!

ஃபாக்ஸ்குளோவ் இல்லாத காட்டேஜ் தோட்டம் உண்டா? ஆளுயரக் கம்பத்தில் மணி மணியாகத் தொங்கும் பூ. தூசி மாதிரி விதை, மண் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் படவேண்டும்! முதல் ஆண்டு வெறும் இலை. இரண்டாம் ஆண்டுதான் பூ. அப்புறம் செடி செத்துவிடும்! அதனால் விவரம் தெரிந்தவர்கள் அடுத்தடுத்து 2 ஆண்டு விதைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு விதை தானாக விழுந்து, ஆண்டு தவறாமல் யாராவது ஒருவர் பூத்துக்கொண்டே இருப்பார்!

தேனீ இந்தப் பூவில் கீழிருந்து மேலாகத்தான் ஏறும், கவனித்திருக்கிறீர்களா? கீழே இருக்கும் மூத்த பூக்களில் தேன் அதிகம், அவை பெண் பருவத்தில் இருப்பவை. உச்சியில் இருக்கும் இளம் பூக்கள் ஆண் பருவம். வேறு செடியின் மகரந்தத்தைக் கீழ்ப்பூவில் இறக்கிவிட்டு, உச்சிப்பூவில் புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டு தேனீ அடுத்த செடிக்குப் பறந்துவிடும்! டவுன் பஸ் தோற்றது!

இந்தச் செடியின் எல்லாப் பாகமும் விஷம். ஆனால் 1775-இல் ஒரு கிராமத்துப் பாட்டி 20-க்கு மேற்பட்ட மூலிகைகளைச் சேர்த்துக் காய்ச்சிய கஷாயத்தில் நீர்க்கோவை வடிகிறது என்று வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் காதில் விழுந்தது. அத்தனை மூலிகையில் வேலை செய்வது இதுதான் என்று பிடித்துவிட்டார்! 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கண்டதைக் குறித்துவைத்து 1785-இல் புத்தகமாகப் போட்டார். இதய மருந்து டிஜாக்சினும் இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததுதான்!

வெண்டைக்காய்க்கு வெள்ளைக்காரச் சொந்தம்!

குடிசைச் சுவரோரம் 8 அடி உயரத்துக்கு நிற்குமே, ஹாலிஹாக்? அதன் பூவை உற்றுப் பாருங்கள். எங்கேயோ பார்த்த முகம்! ஆமாம், நம் வெண்டைக்கும் செம்பருத்திக்கும் பருத்திக்கும் ஒன்றுவிட்ட உறவு! 1873-இல் துரு நோய் என்ற பூஞ்சை இங்கிலாந்தில் கால் வைத்து, இந்தச் செடியைக் கிட்டத்தட்ட ஒழித்தே கட்டிவிட்டது. சிலி நாட்டிலிருந்து வந்த நோய்! பிழைத்து வந்த பரம்பரைதான் இன்று சுவரோரம் நிற்கிறது.

80 வயதை நெருங்கியபோது அடித்த யோகம்!

யார்க் நகரில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்று ஒரு தோட்டக்காரர். கூலிக்குத் தோட்ட வேலை. 50 வயதைத் தாண்டிய பிறகு ஒரு வீட்டு ஜாடியில் லூப்பின் பூவைப் பார்த்தார். இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று தோன்றிவிட்டது! வாடகைத் துண்டு நிலத்தில் லூப்பினாக நட்டார். நல்லதை வைத்துக்கொண்டார், சுமாரானதைப் பிடுங்கி எறிந்தார். இப்படியே 20 ஆண்டுக்கு மேல்! மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுச் சேர்த்தாரா? அதெல்லாம் இல்லை. தேனீக்கள் பார்த்துக்கொண்டன! பிடுங்குவதில்தான் அவருடைய கலை. விலை பேச வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். கடைசியில் ஒரு நர்சரிக்காரர் மசிய வைத்து, 1937 ஜூனில் லண்டன் கண்காட்சியில் வைத்தார். ஒரே தண்டில் இரண்டு நிறம், அடர்ந்த கோபுரங்கள்! கூட்டம் அசந்துபோனது! இன்று உலகம் முழுக்கப் போகும் 'ரஸ்ஸல் லூப்பின்' அதுதான். என்னைக் கேட்டால், தோட்டக்கலையில் இந்த மனிதருக்கு மேல் ஆள் இல்லை!

பரிசு என்ன? செப்புக் கெண்டி!

லங்காஷயர் நெசவாளிகள் தறிக்குப் பக்கத்திலேயே ஆரிகுலா என்ற குட்டிப் பூவை வளர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளிகள் ஓரத்தில் சரிகை போட்ட மாதிரி கோடு ஓடும் பிங்க் பூக்களை உருவாக்கினார்கள். நெசவாளி கை வேறு எதைச் செய்யும்? வடக்கத்திப் பூப்போட்டிகளில் வென்றால் பரிசு ஒரு செப்புக் கெண்டி!

பூவுக்கு மட்டும்தான் போட்டியா? யார்க்‌ஷயரின் எக்டன் பிரிட்ஜ் கிராமத்தில் கூஸ்பெர்ரிக்கு எடைப் போட்டி 1800-இலிருந்து நடக்கிறது! 2019-இல் அங்கே ஒரே ஒரு பழம் 64.83 கிராம் இழுத்து உலக சாதனை! பழமா கோழிமுட்டையா? இதற்கு முன்னால் டார்வினே இந்தப் பைத்தியத்தைக் கணக்கெடுத்திருக்கிறார். 1852-இல் சுமார் 58 கிராம் எடையுள்ள பழம் ஒன்றைக் குறிப்பிட்டு, காட்டுப் பழத்தைப் போல 7, 8 மடங்கு என்று வியந்திருக்கிறார். அப்படியானால் 167 ஆண்டுகளில் கூடியது? 7 கிராம்கூட இல்லை! அந்தக் காலத்து ஆட்கள் லேசுப்பட்டவர்களா?

அந்தியில் மின்னும் பூ!

1762-இல் தாவரவியல் மேதை லின்னேயஸின் மகள் எலிசபெத் கிறிஸ்டினா, சாயங்கால வெளிச்சத்தில் நாஸ்டர்ஷியம் பூக்கள் பளிச் பளிச்சென்று மின்னுவதைப் பார்த்துக் கட்டுரையே எழுதினார். பெரிய பெரிய தலைகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டன! கடைசியில் பார்த்தால் மின்னியது பூ அல்ல, நம் கண்! மங்கிய ஒளியில் பச்சை இலைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தைக் கண் பார்க்கும் விதத்தில் வரும் மாயம்! இந்தச் செடிக்கு உரம் போட்டுவிடாதீர்கள். வளமான மண் கிடைத்தால் இலையாகத் தள்ளும், பூக்காது! ஏழை மண்தான் அதற்குப் பிடிக்கும். பூவையும் இலையையும் தின்னலாம், பச்சை விதையை ஊறுகாய் போடலாம்!

செடிக்குக் காது உண்டா?

கடலோரத்தில் வளரும் ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் வகை ஒன்றுக்குத் தேனீயின் ரீங்காரத்தை ஒலிபரப்பிப் பார்த்தார்கள் டெல் அவிவ் விஞ்ஞானிகள். 3 நிமிடத்துக்குள் பூவின் தேனில் சர்க்கரை கூடிவிட்டது! விருந்தாளி சத்தம் கேட்டதும் பாயசத்தில் வெல்லம்! ஆய்வு வெளியானது 2019-இல்.

அடுத்த ஆண்டே சூரிச்சிலிருந்து இன்னொரு வெடி! பூ கிடைக்காமல் பட்டினி கிடக்கும் பம்பிள் தேனீக்கள் இலையைக் கடித்து ஓட்டை போடுகின்றன. கடிபட்ட தக்காளிச் செடி ஒரு மாதம்வரை முன்கூட்டியே பூக்கிறது! விஞ்ஞானிகளும் கருவியால் அதே மாதிரி வெட்டிப் பார்த்தார்கள். தேனீ அளவுக்குப் பலிக்கவில்லை!

கத்தியை எடு!

செல்சி பூக்காட்சி லண்டனில் 1913-இலிருந்து நடக்கிறது. அது முடியும் மே மாதக் கடைசியில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஃப்ளாக்ஸ், செடம் மாதிரி செழித்து நிற்கும் செடிகளை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வெட்டித் தள்ளுவார்கள்! பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஆனால் வெட்டிய செடி பக்கக் கிளை விட்டு, சில வாரம் பிந்தி, குட்டையாகச் சாயாமல் நின்று பூக்கும்! பாதிச் செடிகளை மட்டும் வெட்டினால்? வெட்டாதது முதலில், வெட்டியது பிறகு. பூக்காலம் இரட்டிப்பாகத் தெரியும்!

இதே செல்சி காட்சியில், தோட்டத்தில் வைக்கும் குள்ள மனிதப் பொம்மைகளுக்குத் தடை இருந்தது, தெரியுமா? நூற்றாண்டு என்பதற்காக 2013-இல் அதை விலக்கினார்கள்! 1840-களில் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பொம்மைக் கூட்டத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, பெயர் லாம்பி. அதற்கு இன்ஷூரன்ஸ் 10 லட்சம் பவுண்டு! பொம்மைக்கு!

கார் நிறுத்திய இடத்தில் காடு!

எஸ்ஸெக்ஸ், இங்கிலாந்தில் மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. அங்கே பெத் சாட்டோ என்ற அம்மையார் 1990-களின் தொடக்கத்தில் தன் பழைய கார் நிறுத்தும் இடத்தை உழுது, சரளைக் கல்லில் செடி நட்டார். நட்ட பிறகு பாசனம்? கிடையவே கிடையாது! இன்றும் அது பூத்துக் குலுங்குகிறது. மண்ணைச் செடிக்காக மாற்றாதே, மண்ணுக்கேற்ற செடியைத் தேடு என்பதுதான் அவர் கணக்கு. திட்டம் போடுகிறவர்கள் காகிதத்தில் முதலில் குறிக்க வேண்டியது பூவின் பெயரை அல்ல. வெயில் எங்கே, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான்!

பாதை? வாசலிலிருந்து கதவுவரை நேராகப் போகட்டும். வளைவெல்லாம் பெரிய பங்களாவுக்கு! செடி ஓரத்தில் வழிந்து பாதையை மறைக்கும், அதனால் தேவைக்குமேல் ஓர் அடி கூட விடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று ஒன்றாக வாங்கினால் சந்தைக்கடை. மூன்றும் ஐந்துமாக நட்டால்தான் கண் நிற்கும்! உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்பது பாடப்புத்தகம். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் வெர்பினாவைப் பாதையோரமே நட்டுப் பாருங்கள், அதன் ஊடாகத் தோட்டம் இன்னும் ஆழமாகத் தெரியும்!

ஒரு கொல்லை, 2,673 உயிர்!

லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972-இலிருந்து 30 ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்தில் வந்துபோகும் உயிர்களை எண்ணினார். தோட்டம் சுமார் 8,000 சதுர அடி. பூவும் காய்கறியும் கலந்த சாதாரணக் கொல்லை! கிடைத்த கணக்கு: 2,673 இனங்கள்! அதில் பூச்சி மட்டும் 1,997! உலகம் அதுவரை பெயரே வைக்காத குளவி இனங்களும் அதில் உண்டு. காட்டுக்குப் போகவில்லை, கடல் தாண்டவில்லை, கொல்லைப்புறம்தான்!

2100-க்கு ஒரு பாட்டில் பாக்கி!

தானாக விழுந்து முளைக்கும் விதைதான் இந்தத் தோட்டத்தின் உயிர். விதை மண்ணில் எவ்வளவு காலம் தாங்கும்? 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 20 பாட்டில்களில் விதை அடைத்துப் புதைத்தார். 2021-இல் ஒரு பாட்டிலைத் தோண்டினார்கள், அதுவும் விதைமேல் வெளிச்சம் படக்கூடாது என்று ராத்திரியில், வரைபடத்தைப் பார்த்து! முளைத்தது! 142 ஆண்டு தூங்கிய வெர்பாஸ்கம்! அதன் சொந்தக்காரர்கள்தான் காட்டேஜ் தோட்டங்களில் மஞ்சள் கம்பமாக நிற்பவர்கள். அடுத்த பாட்டில் 2040-இல், கடைசி பாட்டில் 2100-இல்!

நம் ஆள் அங்கே!

நம்மூர்க் கொல்லையில் கேட்பாரற்று முளைக்கும் காசித்தும்பை, 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டது தெரியுமா? முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதையை வீசுமே, அதே காசித்தும்பை! அதற்கு மாற்றாக அவர்கள் செடிகளும் மலையேறின. 1848-இல் ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்தில் பயின்றவர். ஊட்டி மலர்க்காட்சி தொடங்கியதோ 1896-இல், அதாவது செல்சிக்கு 17 ஆண்டு முன்னால்!

ஊட்டிக் குளிர் இல்லாத ஊர்க்காரர்கள் ஃபாக்ஸ்குளோவுக்காக ஏங்க வேண்டாம். அந்திமந்தாரை, செண்டுமல்லி, வாடாமல்லி, காஸ்மாஸ், நடுவே நாலு கத்தரி, வேலியில் அவரை. நெருக்கி நடுங்கள், தானாக முளைப்பதைப் பிடுங்கும் முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்! கூடவே ஜினியாவும் போடுங்கள். ஜினியாவா என்று இளக்காரமா? 2016 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பூத்த பூ அது! பூஞ்சணம் பிடித்துச் சாகக் கிடந்ததை விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி தானே தண்ணீர் பார்த்துத் தேற்றி எடுத்தார், பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே!